எட்டாம் உலையின் சூடு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ரங்கநாதன் படுத்திருக்கிற ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு வேறு எதற்குப் பயப்பட வேண்டும்? எஸ்.எஸ்.எல்.சி. தேறாதவன்தான், ஆனாலும் பொய் சொல்லிப் பழக்கமில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, இது பட்டப்பகலில் என் கையிலிருந்த காகிதத்தில் நடந்தது.

எண்பதுகளின் நடுவில், திருச்சியில் இரும்புச் சாமான்களை உலையில் வைத்துப் பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தேன். கம்ப்யூட்டர் அறையில் பிரிண்டருக்குக் காகிதம் மாட்டுவது என் வேலை. கதவு திறந்தது, மூடியது, இத்தனை டிகிரி சூடு என்று ஒவ்வொரு உலையிலிருந்தும் செய்தி வந்துகொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்ளும். அந்த புரோகிராமை எழுதியவர் ஸ்டெல்லா, பாலக்கரைப் பெண், வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. புரோகிராம் இரண்டு நாள் நன்றாக ஓடும், மூன்றாம் நாள் நின்றுவிடும். மேனேஜர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா நீங்க வடக்கே பிராஞ்சுக்குக் கிளம்புங்கம்மா" என்று சொல்லிவிட்டார். என் நெற்றி நாமத்தைப் பார்த்து, "நீங்களாவது உங்க பெருமாள்கிட்ட சொல்லி ஓட வைங்களேன்" என்று ஒரு குத்தல் வேறு. ஸ்டெல்லா வடக்கே போனால் அந்த அம்மாவை யார் பார்ப்பது?

"என்னதாம்மா கோளாறு?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு செய்திக்கும் மெமரியில ஒரு இடம் எடுக்குது அண்ணே. வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுக்கணும். எதுவோ ஒண்ணு கொடுக்காமலே இருக்கு. கடைசியில இடமே இல்லாம மூச்சு முட்டி நின்னுடுது."

"கல்யாண மண்டபத்துல பாத்திரம் எடுத்தவங்க திருப்பித் தராத மாதிரி."

"அதேதான். எடுத்தது யாருன்னுதான் தெரியல."

அதற்கு அந்தப் பெண் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஓடுகிற மெஷினின் மெமரி முழுவதையும் போட்டோ பிடிக்கிற மாதிரி அப்படியே காகிதத்தில் அடித்து எடுத்தார், அதற்கு டம்ப் என்று பெயர். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. இரண்டையும் தரையில் விரித்து, மண்டிபோட்டு, சாப்பாட்டைக்கூட மறந்து, காலைத் தாளிலும் இருந்து, மதியத் தாளிலும் போகாமல் உட்கார்ந்திருக்கிற செய்திகளையெல்லாம் சிவப்புப் பென்சிலால் சுழித்துக்கொண்டே போனார். நான் தாளைப் புரட்டிக் கொடுத்தேன். சுழித்ததெல்லாம் ஒரே மாதிரி: உலை எட்டு, கதவு திறந்தது. உலை எட்டு, கதவு திறந்தது.

"அண்ணே, எட்டாம் உலை எங்க இருக்கு?"

எட்டாம் உலையே கிடையாது. எட்டு ராசியில்லை என்று முதலாளி ஏழுக்கு அடுத்ததற்கு ஒன்பது என்று பெயின்ட் அடித்துவிட்டார். ஸ்டெல்லா அந்த எண்களைப் பார்த்துத்தான் பட்டியல் போட்டிருந்தார். எட்டிலிருந்து செய்தி வந்தால் புரோகிராம் ஓர் இடத்தை எடுக்கும், பட்டியலில் தேடும், அப்படியொரு உலை இல்லை என்றதும் இடத்தைத் திருப்பாமல் விட்டுவிட்டுப் போய்விடும். அதுதான் கோளாறு.

சரி, செய்தியை அனுப்பியது யார்? எலக்ட்ரீஷியன் காதர் பாய், உலை ஒயர்களெல்லாம் நம்பர்படி வந்து சேரும் பெட்டியைத் திறந்து பார்த்தார். "ஒன்பதோட ஒயர் ஒன்பதுலதான் இருக்கு. எட்டுல ஒயரே மாட்டலைங்க. திருகு மேல அடிச்ச பெயின்ட்கூட உடையல" என்றார்.

ஸ்டெல்லா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பட்டியலில் இல்லாவிட்டாலும் இடத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு வரி சேர்த்தார், அவ்வளவுதான். சனிக்கிழமை வந்தது, அடுத்த சனியும் போனது, மெஷின் நிற்கவே இல்லை. மேனேஜரே லட்டு வாங்கி வந்து கொடுத்தார். வடக்கு என்ற பேச்சையே அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன். கழித்த தாள்களை என் மகளின் நோட்டுக்கு அட்டை போட வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். என் மனைவி தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் ஆயா. ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்க இது, ஆஸ்பத்திரி பேப்பரா?" என்றாள்.

ஒவ்வொரு கதவுச் செய்தியின் ஓரத்திலும் அப்போதைய சூடும் இருக்கும், எங்கள் மீட்டரெல்லாம் பழைய பாரன்ஹீட். மற்ற உலைகள் ஆயிரத்து ஐந்நூறு, அறுநூறு என்று காட்டும். அவள் விரல் வைத்த இடத்தில், எட்டுக்கு நேரே, வரிசையாகத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு. கடைசித் தாளில் தொண்ணூற்றொன்பது, நூறு, நூற்றிரண்டு.

"யாருங்க இது? காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது, மருந்து கொடுத்தாங்களா இல்லையா?"

மறுநாள் ஸ்டெல்லாவிடம் தாளைக் காட்டினேன். அந்த எண்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இனிமே தெரிஞ்சுக்க முடியாது அண்ணே. நான் போட்ட வரியில இப்ப எதுவும் தங்காது, வந்த உடனே போயிடும்."

அன்றிலிருந்து நோய் தீர்க்கும் தன்வந்திரி சன்னதிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இதே தவிப்புதான். அந்த எட்டுக்காக அர்ச்சனை செய்யப் போனால் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார்கள். என்னவென்று சொல்வேன்? அந்தக் காய்ச்சல் இறங்கியதா என்பதுகூட எனக்குத் தெரியாது.