விதைநெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டர்

என் மகளுக்கு முதல் தடவை வலிப்பு வந்தபோது, கை நீட்டினால் தூளியைத் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து நான் டைப் செய்துகொண்டிருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கொல்லையில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்த மாமியார்தான், தூளி ஆடுகிற விதம் சரியாக இல்லை என்று பார்த்தார். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் குழந்தையின் கையில் வைத்து அழுத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகுதான் நான் திரும்பினேன்.

திருவாரூரில் டாக்டர் சாவியைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார். இந்த வயதில் காய்ச்சலோடு வலிப்பு வருவது சகஜம், பயப்பட வேண்டாம் என்றார். காய்ச்சல் சட்டென்று ஏறினால் மறுபடியும் வரலாம், வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள் என்றும் சொன்னார். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அவர் சொன்னவற்றில் ‘மறுபடியும் வரலாம்’ என்பது மட்டும்தான் எனக்கு நினைவிருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரின் சத்தம் எனக்கு எதிரியானது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் முந்தைய விடுமுறையில் தஞ்சாவூர்க் கடையொன்றில் பாகம் பாகமாகச் சொல்லிச் சேர்த்து வாங்கியது அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் வழியாகத்தான் பேசுவார். மற்ற நாட்களில் கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளை நான் அதில் டைப் செய்து கொடுப்பேன். அந்த வருடம் மேட்டூர் நேரத்துக்குத் திறக்கவில்லை, குறுவை இல்லாமல் போயிற்று. அவருக்கும் ஓவர்டைம் குறைந்துவிட்டது. டைப் வேலையை விட முடியாது. குழந்தையை வேறு இடத்தில் போடலாம் என்றால், கொசுவலை அடித்த ஜன்னல் அந்த ஓர் அறைக்குத்தான் இருந்தது. சம்பாவுக்கான விதைநெல்லும் அங்கேதான் பலகை மேல் அடுக்கியிருந்தது. குழந்தை, நெல், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே அறை.

சுவிட்சைப் போட்டால் மாவு மில் மாதிரி இரையும். வைத்திருந்த இரும்பு மேஜையும் சேர்ந்து அதிரும். “பக்கத்துல மோட்டார் ஓடுதா?” என்று என் கணவரே ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். அந்த இரைச்சலுக்கு அப்பால் ஒரு கைக்குழந்தையின் மூச்சு எப்படிக் கேட்கும்? ஒரு பத்தி அடிப்பேன், எழுந்து போய்த் தூளியை விலக்கிப் பார்ப்பேன். நெற்றியில் புறங்கையை வைப்பேன். திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது. கரண்ட் போகும்போது மட்டும் எல்லாம் சட்டென்று அடங்கி அவள் மூச்சு தெளிவாகக் கேட்கும். ஊரே கரண்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் அது போவதற்காகக் காத்திருந்தேன்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். சத்தம் வராத ஃபேன் இருக்கிறது மேடம், பெட்டியையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றார். விலையைக் கேட்டதும் சரிங்க என்று வைத்துவிட்டேன்.

அப்போதுதான் மூட்டைகள் என் கண்ணில் பட்டன. அரை மூட்டைகளாகக் கட்டியிருந்ததால் என்னால் இழுக்க முடிந்தது. மாமியார் வாய்க்கால் வெட்டுகிற இடத்துக்குப் போயிருந்த ஒரு முற்பகலில், பெட்டியை மேஜையிலிருந்து இறக்கி ஒரு மணைமேல் வைத்து, பின்பக்கமும் இரு பக்கமும் மூட்டைகளை நெருக்கி அடுக்கினேன். மேலே ஒரு பழைய மெத்தையைப் போட்டேன். சுவிட்சைப் போட்டபோது இரைச்சல் எங்கோ அடுத்த தெருவில் கேட்பது போலிருந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை விரல் சப்புகிற சத்தம் கேட்டது. அன்று நான் நிமிராமல் ஒரு அத்தியாயம் முடித்தேன்.

அந்தச் சுகம் அன்று சாயங்காலம் மாமியார் திரும்பும்வரைதான். போகும்போதும் வரும்போதும் விதைநெல்லில் கையைவிட்டுப் பார்ப்பது என் மாமியாரின் வழக்கம். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தும் பார்ப்பார். அன்று கையை விட்டவர் அப்படியே நின்றார்.

“ஏம்மா, இந்த மூட்டையெல்லாம் இங்க எப்படி வந்துச்சு?”

“சத்தம் கேக்காம இருக்கத்தான் அத்தை.”

“இங்க வா. கைய வச்சுப் பாரு. விதைநெல்லுக்குக் காய்ச்சல் அடிக்குது.”

வைத்துப் பார்த்தேன். சாக்கே சூடாக இருந்தது. மெத்தையைத் தூக்கினால் பெட்டியின் மேல்தகடு தோசைக்கல் போலக் கொதித்தது, கருகுகிற வாடை வந்தது. அவசரமாக அணைத்தேன். தீப்பிடித்திருந்தால்? தூளி எவ்வளவு பக்கத்தில் தொங்குகிறது! குழந்தையின் மூச்சைக் கேட்பதற்காக அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு அடுப்பைப் போட்டு வைத்திருக்கிறேன்.

“எம்.எஸ்சி. படிச்ச மருமக, விதைநெல்ல இட்லி அரிசிக்கு அவிச்சுக் குடுத்திருக்கா. விதைச்சா இட்லியாவே மொளைக்கும்” என்றார் மாமியார். சொன்ன குரலில் சிரிப்பு இல்லை. ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து, துணியில் முடிந்து, வைக்கோலுக்கு அடியில் வைத்தார். முளைப்பு வருகிறதா என்று பார்க்கும்வரை என்னிடம் அதிகம் பேசவில்லை. துணியைப் பிரித்து வெள்ளை முனைகளைப் பார்த்ததும், “பொழச்சுக்கிச்சு, போ” என்று மட்டும் சொன்னார். நான் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அந்த ஞாயிறு கம்ப்யூட்டரைப் போடப் பயந்து, கணவரைப் போனில் கூப்பிடச் சொல்லியிருந்தேன்.

“மூட்டைய வச்சு அடைச்சா எப்படி? காத்து போக வேண்டாமா அதுக்கு?” என்றார். “ஸ்க்ரூவைக் கழட்டித் திறந்து பாரு. உள்ள தூசி அடைச்சிருக்கும்.”

“நான் திறந்து ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“ஆனா ஆகட்டும், நான் வர்றப்ப பாத்துக்கலாம்.”

“நீங்க எப்ப வர்றீங்க?”

“ஒயரப் புடுங்கிட்டுத் திற. பின்னாடி ஒரு இரும்பு டப்பா இருக்கும், அத மட்டும் திறக்காத. ஷாக் அடிக்கும்” என்றார்.

ஒயரைப் பிடுங்கினேன். பிடுங்கியிருக்கிறேனா என்று மறுபடியும் போய்ப் பார்த்தேன். பக்கத் தகட்டைக் கழற்றினால், உள்ளே குட்டிக் களம் மாதிரி இருந்தது. நெல் சுணையும் பதரும் தூசியும் சேர்ந்து ஃபேனைச் சுற்றிக் கம்பளியாகப் படிந்திருந்தன. மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்த நாளிலிருந்து அது அறையிலிருந்த சுணையை எல்லாம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. குழந்தையும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறாள் என்று உடனே தோன்றியது. அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கச் சிரமமாக இருந்தது.

ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் சுணையைத் தட்டினேன். பிரஷ் நுழையாத இடத்தில், குழந்தைக்குச் சளி எடுக்கிற ரப்பர் குமிழால் காற்றை அடித்தேன். (இனி அதைக் குழந்தைக்கு வைக்கக் கூடாது என்று அப்போதே தூக்கிப் போட்டேன்.) ஃபேன் நடுவிலிருந்த ஸ்டிக்கரை உரித்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். ஒன்று போதுமா, அதிகமாகிவிட்டதா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த தகட்டின் ஓரத்தில் சைக்கிள் டியூபை நறுக்கிக் கொடுத்து இறுக்கினேன். மூட்டைகள் பழையபடி தங்கள் பலகைக்குப் போயின. பெட்டி மணையிலேயே இருக்கட்டும், அதிர்வு குறைய அடியில் ஏதாவது வைக்கலாம் என்று என் பழைய ரப்பர் செருப்பை வெட்டினேன்.

“என்ன பண்ற நீ?” மாமியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வச்சோம்ல அதுக்கு? அதும் காலடியில செருப்பா? உனக்கே நல்லாருக்கா?”

பெட்டியின் நெற்றியில் அந்தக் குங்குமம் மங்கலாக இன்னும் இருந்தது. ஏற்கெனவே விதைநெல். இப்போது இது. பயந்துபோய்ச் செருப்பை எடுத்துவிட்டு, மிச்சமிருந்த டியூபை மடித்து வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சுவிட்சைப் போட்டபோது அது முழுக்க ஊமையாகிவிடவில்லை. தூங்குகிற பெரியவர் ஒருவர் மூச்சுவிடுகிற அளவுக்கு இறங்கியிருந்தது. மாமியார் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “அடங்கிடுச்சே” என்றார்.

விதை விட்டு நாற்று தலைகாட்டிய சமயம், ஒரு மத்தியானம் குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. உடம்பு வெதுவெதுப்புதான், மருந்து கொடுத்திருந்தேன். டைப் செய்துகொண்டிருக்கும்போது தூளியிலிருந்து ஒரு சத்தம். அழுகை இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுப்பது போல ஒரு சின்னச் சத்தம். பழைய இரைச்சலாக இருந்தால் நிச்சயம் கேட்டிருக்காது.

எழுந்து ஓடினேன். அவள் உடம்பு நெருப்பாக இருந்தது. கண்கள் மேலே போயிருந்தன. பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயில் எதையும் வைக்கவில்லை. “அத்தை!” என்று கத்தினேன். அவள் கைகால் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் முதுகில் கைவைத்திருந்தேன். கேட்டுவிட்டால் தடுத்துவிடலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கேட்டேன், வந்தேன், அது அதன் பாட்டுக்கு நடந்தது.

மாமியார் ஓடிவந்தார். கை இடுப்புச் சாவிக்குப் போய், பாதியில் நின்றது. டாக்டர் சிரித்ததை அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். என் முகத்தைப் பார்த்தார்.

“வைங்க அத்தை” என்றேன்.

உடம்பு தளர்ந்து அவள் அழத் தொடங்கிய பிறகும் சாவி அந்தக் கையில்தான் இருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினோம். காய்ச்சல் இறங்கியிருந்தது. டாக்டர் அதையே மறுபடியும் சொல்லி அனுப்பியிருந்தார். திரையில் நான் பாதியில் விட்ட வாக்கியம் அப்படியே நின்றது.

“இது இவ்வளவு நேரமா ஓடிக்கிட்டா இருக்கு?” என்றார் மாமியார். “சத்தமே இல்லையே.”

புறங்கையைப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தேன். அதிகச் சூடில்லை. தூங்குகிறவளின் நெற்றியிலும் வைத்துப் பார்த்தேன். பிறகு கம்ப்யூட்டரை அணைத்தேன். அது நின்றதும் அறை இன்னும் கொஞ்சம் அமைதியானது. அவள் மூச்சு இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. அப்படியென்றால் இத்தனை நாளும், இவ்வளவு செய்த பிறகும், அது அந்தக் கொஞ்சத்தை மறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

தூளிக்கு அடியில் என் பாயை விரித்தேன்.