வளர்பிறையில் வெட்டிய மூங்கில்

காலை ஆறரைக்குத் தியாகதுருகத்தில் பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சியில் இறங்கி வெள்ளிமலை வண்டிக்கு மாறினேன். நான் சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் தளம் போடுகிறவன். மலையில் என் தங்கை கலா மூங்கிலால் ஒரு சாப்பாட்டுக் கூடம் கட்டியிருந்தாள். அருவி பார்க்க வருகிறவர்களை நம்பி எடுத்த முடிவு. திறப்பதற்கு முன்பே தூண்களில் பொடி கொட்டுகிறது என்று போனில் அழுதாள். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு இரும்பு நடலாம் என்றுதான் கிளம்பினேன்.

கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. என் கையிலிருந்த அளவு டேப்பைக் கண்டக்டர் பார்த்தார்.

"இன்னா சார், மலையை அளக்கப் போறீங்களா?"

"என் தங்கச்சி ஏமாந்ததை அளக்கப் போறேன்."

அதன்பிறகு அவர் என் பக்கமே திரும்பவில்லை.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கூடம் அழகாக இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. வளைத்துக் கட்டிய மூங்கில் கூரை, பிளந்து பின்னிய தட்டிச் சுவர், மூங்கிலிலேயே விளக்குக் கூடுகள். உள்ளே மின்விசிறி ஓடவில்லை, ஆனாலும் வியர்க்கவில்லை. நான் போட்ட தளத்துக்கு அடியில் மதியத்தில் மனிதன் உட்கார முடியாது. அது எனக்குத் தெரியும்.

தூணைத் தட்டினேன். அரிசி மாவு போலப் பொடி உதிர்ந்தது. உள்ளே வண்டு.

மூங்கில் கொடுத்தவர் மல்லிகா. பக்கத்துப் பட்டா நிலத்துக்காரர், வெட்டியதும் அவர்தான். "பூச்சி புடிச்சதை எங்க தலையில கட்டிட்டீங்களா?" என்று கத்தினேன். அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"என் மாட்டுக் கொட்டாயைப் பாருங்க. அதே புதர்ல வெட்டினதுதான். ஒரு ஓட்டை காட்டுங்க, அப்புறம் பேசுங்க!"

பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை.

"தேய்பிறையில வெட்டி, ஓடையில ஊறப்போடணும்னு சொன்னேன். உங்க மாப்பிள்ளைதான், வூட்டு வேலையைத் தேய்பிறையில தொட்டா குடும்பமே தேஞ்சுடும்னாரு. தூண் நடுற முகூர்த்தம் நெருங்குதுன்னு ஊறவும் விடல. எனக்கின்னான்னு வெட்டிக் குடுத்துட்டேன்."

"குடுத்தது உங்க தப்பு."

"ஆமா, தப்புதான். இப்ப இன்னா பண்ணலாம், அதைச் சொல்லுங்க."

தங்கை கணவர் குமார் நைனார்பாளையத்துக்காரர். எங்கள் சமவெளியில் நல்ல காரியம் எதையும் வளர்பிறையில்தான் தொடங்குவோம். நானும் அப்படித்தான் தளம் போடுகிறேன். சிமெண்டுக்குப் பிறை தெரியாது. மூங்கிலைக் கெடுத்தது நிலாவா, ஊறாததா, எனக்குத் தெரியாது. மூங்கில்மீது குற்றம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"பத்திரிகை குடுத்தாச்சு மச்சான்," என்றார் குமார். "மேலே வார்னிஷ் அடிச்சுத் திறந்துடலாம். அப்புறம் மாத்திக்கலாம்."

"சாப்பிட்டுக்கினு இருக்கிறவங்க மேல கூரை உழுந்தா?" என்றாள் கலா. "அண்ணா, நீ சொல்லு. இரும்பே போட்டுடலாமா?"

இரும்பும் கான்கிரீட்டும்தான் என் பிழைப்பு. "வேணாம். மூங்கிலையே மறுபடி வெட்டி, ஊறவெச்சு நடு," என்றேன்.

பௌர்ணமி போய் நாலு நாள் ஆகியிருந்தது. கலா போனை எடுத்து, திறப்பைத் தள்ளிவைத்ததாக ஒவ்வொருவருக்கும் சொல்லத் தொடங்கினாள். பிறகு மல்லிகாவோடு புதருக்குப் போனாள். குமார் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"தேய்பிறைடி," என்றார்.

"தேயட்டும். இந்தத் தடவை வண்டு தேயட்டும்."

மல்லிகா சிரித்துவிட்டார். குமார் சிரிக்கவில்லை. ஆனால் வெட்டிய முதல் மூங்கிலின் கனமான அடிப்பக்கத்தை அவர்தான் தோளில் வைத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தார். நுனியை நான் தோளில் தாங்கினேன்.

மாலை பஸ்ஸில் கீழே இறங்க இறங்கக் காற்று சுட்டது. ராத்திரி என் வீட்டில், நானே போட்ட தளத்துக்கு அடியில், விசிறியை முழு வேகத்தில் வைத்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. தோளில் மூங்கில் சுணை அரித்துக்கொண்டே இருந்தது.