பத்துக்குப் பத்து வத்சலா

வத்சலா யாருக்கும் ஒன்பதுக்குக் கீழே மார்க் போட்டதில்லை. டெல்லி லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர் அவள். தன் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு வருடா வருடம் பத்துக்கு இத்தனை என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். ஆறுக்குக் கீழே போனால் அந்த ஆளின் புரமோஷன் அம்பேல். பிறத்தியார் சோற்றில் மண் அள்ளிப் போட நான் யார் என்பாள். மத்தியானம் சாப்பிடப் போனால் மறுநாள் காலையில் திரும்பி வரும் பரமசிவத்துக்கே ஒன்பதரை போட்டவள். அந்த அரை மார்க்கைக் குறைத்ததற்காக இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கையில் இருந்த தாராளம் வாயில் கிடையாது. அவள் நாக்குக்கு நடுங்காதவர் அந்த செக்‌ஷனில் இல்லை. அந்த நாக்கிலேயே போய்ப் புற்று வந்தது. டாக்டர்கள் நாக்கில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தார்கள். இடது முன்கையிலிருந்து தோலை ரத்தக்குழாயோடு எடுத்து வாய்க்குள் வைத்துத் தைத்தார்கள். கையில் விழுந்த பள்ளத்துக்குத் தொடையிலிருந்து தோல் சீவி ஒட்டினார்கள்.

"டெல்லியில ரோடு போடற மாதிரின்னா இருக்கு! இங்க தோண்டி அங்க மூடறா, இதை மூட இன்னொரு இடத்தைத் தோண்டறா" என்றார் கணவர் தட்சிணாமூர்த்தி. பதில் சொல்ல முடியாமல் அவள் படுத்திருந்த அந்த நாட்களில்தான் மனிதர் வாய்விட்டுப் பேசினார்.

பிறகு பேச்சு திரும்பியது, கொஞ்சம் கொழகொழப்போடு. தட்சிணாமூர்த்தி பழையபடி மௌனமானார்.

கைதான் தேறவில்லை. கட்டைவிரல் ஓரமெல்லாம் மரத்துக் கிடந்தது. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் பட்டால் விரல் நுனி வெளுத்துக் குடைந்து எடுத்தது. பார்க்கச் சகிக்காத அந்தப் பள்ளத்தை மறைக்க, டெல்லி ஜூன் மாத வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களிடம் கையைக் குறை சொல்வது அவளுக்கு நன்றிகெட்டத்தனமாகப் பட்டது.

அந்த ஜூனில்தான் டாக்டர் ஷ்வேதா அவளை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், மேல்படிப்புக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நாக்குக்காகத் தோல் எடுக்கும்போது முன்கையில் கட்டைவிரல் பக்கம் எடுத்தால் கைக்கு நல்லதா, சுண்டுவிரல் பக்கம் எடுத்தால் நல்லதா என்பதுதான் கேள்வி. இரண்டு விதமாகவும் வெட்டுப்பட்டவர்களைக் கூப்பிட்டுப் பிடிமானத்தை ஒரு மெஷினில் அளந்தாள். மற்றதை அவர்களிடமே கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்க கை பார்க்க எப்படி இருக்கு? டென்ல எவ்ளோ குடுப்பீங்க? டென்னா ரொம்ப நல்லா இருக்குன்னு மீனிங்."

மார்க்! வத்சலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாவம், இந்தக் குழந்தையின் வேலைக்கான வருடாந்திர ரிப்போர்ட்டை யாரோ பேஷண்ட்டுகளை விட்டு எழுத வைக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"பத்து."

"குளிர் தாங்கறதா?"

"பத்து."

"மரத்துப் போறது எதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லேடிம்மா. பத்தே போட்டுக்கோ."

அதோடு விட்டாளா? வெளியே வராந்தாவில் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களிடம் போய், "பையா, பச்சி கி நௌகரி கா சவால் ஹை, தஸ் சே கம் மத் தேனா" என்று ஆளாளுக்கு ஓதினாள். குழந்தையின் வேலைப் பிரச்சினை, பத்துக்குக் குறைத்துவிடாதீர்கள் என்று அர்த்தம். சுண்டுவிரல் கட்சியைச் சேர்ந்த ஒரு சர்தார்ஜி நெகிழ்ந்துபோய் உள்ளே நுழையும்போதே "தஸ்!" என்று முழங்கினார். ஷ்வேதா இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அன்று வராதவர்களுக்கும் நம்பர் வாங்கி வத்சலா போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

டிசம்பரில் மறுபடியும் கூப்பிட்டார்கள். துணைக்குத் தட்சிணாமூர்த்தியும் வந்தார். ஷ்வேதா மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"என் ப்ரொஃபஸர் தீஸிஸைத் தூக்கிப் போட்டுட்டார் ஆன்ட்டி. மெஷின்ல பார்த்தா சர்தார் அங்க்கிளுக்கு டீ கிளாஸ் பிடிக்கவே பலம் இல்ல, அவர் டென் குடுத்திருக்கார். ரெண்டு சைடும் எல்லாரும் டென்! நீ பேஷண்ட்டைக் கேட்கவே இல்ல, எல்லாம் ரூம்ல உக்காந்து எழுதினதுன்றார். எல்லாரையும் திரும்பக் கேக்கணும். அப்பவும் இப்படியே வந்தா என் டிகிரி அவ்ளோதான்."

வத்சலா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான்தாண்டிம்மா எல்லாரையும் சொல்லச் சொன்னேன். உனக்கு ரிப்போர்ட் நன்னா வரணுமேன்னு."

"மார்க் எனக்கு இல்ல ஆன்ட்டி, கைக்கு! நாளைக்கு இன்னொருத்தர் வருவார். அவருக்கு எந்த சைடு வெட்டறதுன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுப்போம்?"

வத்சலா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். "சச் போலோ, சப் சச் போலோ" என்று உண்மையைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள். மடை திறந்துகொண்டது. சர்தார்ஜி முதலில் தன் கையைத் திட்டினார், பிறகு ஆஸ்பத்திரி லிஃப்டை, கடைசியில் தன் மாப்பிள்ளையை. கையைப் பற்றியதை மட்டும் ஷ்வேதா எடுத்துக்கொண்டாள்.

கடைசியாக வத்சலாவின் முறை வந்தது.

"கை பார்க்க எப்படி இருக்கு ஆன்ட்டி?"

"ஒன்பது."

ஷ்வேதா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"சரி, எட்டு."

பேனா அசையவில்லை. சரோஜினி நகர் மார்க்கெட்டில் கடைக்காரர்களை அழவைத்தவள், இங்கே தன்னோடு தானே பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் ரவிக்கைக் கையைச் சுருட்டி முழங்கை வரை ஏற்றினாள். தட்சிணாமூர்த்தி பக்கத்திலேயே நின்றார்.

"நாலு" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. "குளிருக்கு ரெண்டு. பாத்திரம் தேய்க்கறச்சே உயிர் போறது. கட்டைவிரல்ல சுட்டாக்கூடத் தெரியல. நெருப்புப் பட்டு ஒரு தரம் கொப்பளிச்சுப் போச்சு."

"ஏன் ஆன்ட்டி சொல்லல? க்ளவ்ஸ் இருக்கு, எக்ஸர்ஸைஸ் இருக்கு. முன்னாடியே ஸ்டார்ட் பண்ணியிருக்கலாமே!" என்றாள் ஷ்வேதா. பிறகு எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "தேங்க்யூ ஆன்ட்டி."

"நாலு போட்டதுக்குத் தேங்க்ஸ் வேறயா?" என்று வத்சலா மூக்கை உறிஞ்சினாள்.

பஸ் ஸ்டாப்பில் பனி மூட்டமாக இருந்தது. தன்னிடம்கூட மறைத்தாளே என்று தட்சிணாமூர்த்திக்கு வருத்தமாக இருந்தது. அவள் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, உன்னை நான் பார்த்துண்டதுக்கு எவ்வளவு போடுவே?"

வத்சலா உடனே வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். அவரை ஏற இறங்கப் பார்த்து யோசித்தாள்.

"ஏழு."

தட்சிணாமூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது. அவளுடைய இடது கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.