எல்லார் வீட்டுக்கும் அதே பியானோ

செத்துப்போன என் பெண்டாட்டிக்குச் செய்த நினைவு வீடியோப் படத்தில் ஓடிய பியானோ இசை, அடுத்த மாதமே ஒரு டைல்ஸ் கடை விளம்பரத்திலும் ஓடியது. வருஷங்கள் ஓடியும் அந்த எரிச்சல் எனக்கு ஆறவில்லை. இன்றும் அந்த விளம்பரம் காதில் விழுந்தால், வழுவழுவென்ற குளியலறைத் தரையில் அவள் முகம்தான் வந்து நிற்கிறது.

படத்தைச் செய்தவர் எங்கள் தெரு டிசைன்காரர். அப்போதே சண்டைக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரையில் யாரோ ஒரு தாத்தாவின் போட்டோவில் தலையை வெட்டிச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னார்.

"அந்த மியூசிக்க நான் விலைக்கு வாங்கலண்ணே. டிசைன் பண்ற வெப்சைட்டுக்குச் சந்தா கட்டுறேன், அதுல இருக்கறத எடுத்துப் போட்டுக்கலாம். கட்டுற எல்லாருக்கும் அதே அனுமதிதான். உங்க ஸ்பீக்கர் பொட்டி கல்யாணத்துக்கும் போகுது, சாவுக்கும் போகுது. கேட்டா வாடகைன்னு சொல்றீங்கல்ல?"

ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் நான். திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டு முன்னறைதான் அவர் கடை. இசைகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். வயசாகிப் போனவர்களுக்குத் தேம்பல், அற்பாயுசில் போனவர்களுக்குப் பேரழுகை. "எங்கப்பாவுக்குப் பேரழுகையே போடுங்க" என்று பேரம் பேசிய மகன்களும் உண்டு. அனுமதி விஷயத்தில் மட்டும் ஆள் படு கறார். சினிமாப் பாட்டுக் கேட்டால், "நெட்ல ஏத்தின அன்னைக்கே பாட்டுக் கம்பெனிக்காரன் ஊமையாக்கிடுவான், அப்புறம் என் சட்டையப் பிடிப்பீங்க" என்பார். இசையைத் தனியாகப் பிரித்து யாருக்கும் தரமாட்டார். படத்தோடு ஒட்டித்தான் வெளியே போகலாமாம். எந்தக் கம்பெனிக்காரன் இந்தத் தெருவுக்கு வந்து பார்க்கப்போகிறான்?

இப்போது கொஞ்ச காலமாக அவர் வேலை எதுவும் எடுப்பதில்லை. உள்ளறையில் அவர் மனைவி படுத்துவிட்டார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வெப்சைட்டின் இசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெட்ஃபோன் ஒரு காதில்தான். மற்றக் காது உள்ளறைக்கு. அவள் நினைவுப் படத்துக்கென்று ஒன்று வேண்டுமாம், யாருக்குமே போடாதது. கிடைத்துவிட்டது என்று ஒருநாள் துள்ளினார். மறுநாளே அது ஒரு நாய் பிஸ்கட் விளம்பரத்தில் ஓடியது. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

நேற்றுப் போனபோது திரை இருட்டாக இருந்தது.

"சந்தாவ நிறுத்திட்டேண்ணே. எத எடுத்தாலும் அதுல யாராவது செத்துக் கிடக்கறாங்க."

மியூசிக்கே இல்லாமல் செய்துவிடேன் என்றேன். படமே வேண்டாம் என்றார். தூங்கிப் பல நாள் ஆன கண். ஹெட்ஃபோனைச் சுருட்டி மேசைக்கடியில் போட்டுவிட்டு, நாற்காலியை உள்ளறை வாசலுக்கு இழுத்து என்னை உட்காரச் சொன்னார். அப்படியே தரையில் முழங்கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்.

"கொஞ்சம் கண்ணசந்துக்கறேன். அவ மூச்சக் கேட்டுக்கிட்டிருங்க. நின்னா எழுப்புங்க."