கூக்காலிலிருந்து வந்த விண்ணப்பம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம். முதுகலைத் தமிழ் முதலாண்டுத் தேர்வை மதுரையில் எழுதி முடித்துவிட்டு, விடுமுறைக்காகக் கொடைக்கானல் நாயுடுபுரத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். சென்னையைச் சேர்ந்த ஆலோசனை நிறுவனம் ஒன்று எங்கள் தெருவில் தற்காலிக அலுவலகம் திறந்திருந்தது. மேல்மலை விவசாயிகள் சங்கம் அவர்களிடம் ஒரு கேள்வியை ஒப்படைத்திருந்தது: அக்கம்பக்கத்து ஊர்களில் விளைவதைப் போன்றே இருந்தும், கூக்கால் கிராமத்துப் பீன்ஸுக்கு மட்டும் ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏன் விலை குறைகிறது? அதை ஆராய உள்ளூரிலிருந்து இளநிலை ஆலோசகர் ஒருவரைத் தேடினார்கள். எனக்கு அங்கே இரண்டு மாத எழுத்தர் வேலை கிடைத்தது.

விண்ணப்பங்களை வரிசைப்படுத்தும் பொறுப்பை, அந்த அலுவலகத்தை நடத்திவந்த அதிகாரி என்னிடம் கொடுத்தார். எந்த அடிப்படையில் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளி நாளிலிருந்தே முதல் மதிப்பெண் பெற்றுப் பழகிய எனக்கு, மதிப்பெண்ணைத் தவிர வேறு அளவுகோல் இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை. இத்தனைக்கும் விளம்பரத்தில் பட்டம் எதுவும் கேட்டிருக்கவில்லை. கூக்காலிலிருந்து ஒரு பெண் அனுப்பிய விண்ணப்பத்தில் சான்றிதழ் மேலே இருந்தது. பள்ளி இறுதித் தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேர்ச்சி, கணக்கில் முப்பத்தெட்டு. அதற்கு மேல் படிக்கவில்லை. அடியில் நான்கு பக்கக் கடிதம் ஒன்று இருந்தது. அதைப் புரட்டாமலேயே ஒதுக்கினேன். பட்டதாரிகள் ஐவருக்கு மட்டும் நேர்காணல் அழைப்பு போயிற்று.

நேர்காணல் நாளன்று காலையில் அந்தப் பெண் நேரிலேயே வந்துவிட்டார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். சேலைக்கு மேல் சாயம் போன ஸ்வெட்டர்.

"ஏங்க, நான் கூக்கால்லருந்து பேப்பர் போட்டிருந்தேன். ஒரு பதிலும் வரல."

"உங்க விண்ணப்பம் தேர்வாகலைங்க" என்றேன்.

"யாரு வேணாம்னது? உள்ள இருக்கவுகளா, நீங்களா?"

அதில் கோபம் இல்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவரே தொடர்ந்தார்: "வெள்ளனே கெளம்பி வந்தேன். திரும்பிப் போக பஸ்ஸு சாயங்காலந்தான். இங்கன ஓரமா உக்காந்துக்கிறேன். நீங்க உங்க சோலியப் பாருங்க."

காத்திருந்த பட்டதாரிகளுள் ஒருவர், "மலைப்பூண்டு விக்க வந்தீங்களாக்கா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"விக்கத்தான் வந்தேன் தம்பி. வாங்குறவுக உள்ள இருக்காக" என்று அவரும் சிரித்தார்.

நான் அவருடைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, நின்றபடியே நான்கு பக்கங்களையும் படித்தேன். படித்து முடித்த கையோடு உள்ளே போய், "சார், ஒரு அப்ளிகேஷனை நான் படிக்காமலே ஒதுக்கிட்டேன். அவங்க வெளியே இருக்காங்க" என்றேன். அதிகாரி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "கடைசியா வரச் சொல்லும்மா" என்றார்.

குறிப்பெடுப்பதற்காக நானும் அறையில் இருந்தேன். ஐவரும் விலைக் குறைவுக்குக் காரணம் விதை, உரம், மண், தரகரின் ஏமாற்று என்று நன்றாகவே பேசிவிட்டுச் சென்றிருந்தனர். கடைசியாகக் கூக்கால் பெண் வந்து உட்கார்ந்தார்.

"கணக்குல முப்பத்தெட்டு. இந்த வேலையே கணக்குதானேம்மா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சார். மொத தடவ அதுவும் வரல."

காரணம் எதையும் அவர் அடுக்கவில்லை. மேசையிலிருந்த கோப்புகளைக் காட்டி, "இத எடுத்துக்கிறவா?" என்று கேட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"எங்க ஊருதாங்க ரோட்டுக் கடைசி. லாரி காலியா வந்து மொதல்ல எங்க மூட்டையத்தான் ஏத்தும். திரும்புற வழியில மத்த ஊரு மூட்டையெல்லாம் மேல ஏறும். அப்பாவுக்கு முடியாமப் போனதுலருந்து நாந்தான் கூடப் போறேன். மொத ஏறுனது கடைசியிலதான எறங்கும்? எங்க பீன்ஸு நசுங்கி வெளிய வாறப்ப நல்ல வியாபாரியெல்லாம் வாங்கிட்டுப் போயிருப்பாக."

"அப்ப தரகர் ஏமாத்தலையா?"

"வெல பேசுறப்ப எங்க மூட்டை லாரிக்குள்ள கெடக்குங்க. பாக்காத காய்க்கு அவரு என்ன வெலைங்க சொல்லுவாரு?"

லாரி ஒருநாள் மற்ற ஊர் மூட்டைகளை மலையேறி வரும் வழியிலேயே ஏற்றிக்கொண்டு கூக்காலுக்குக் கடைசியில் வர வேண்டும், மறுநாள் பழையபடி என்று கடிதத்தில் எழுதியிருந்தார். ஓட்டுநர் சம்மதிப்பாரா என்று அதிகாரி கேட்டார்.

"ரெண்டு நாளு செஞ்சு பாத்துட்டுத்தாங்க எழுதுனேன். 'ஏலே, ஏத்தத்துல பாரத்தையும் இழுக்கச் சொல்றீகளா'ன்னு ஊருக்காரவுகள வஞ்சாரு. ஒருநா விட்டு ஒருநாதான்னதும் எறங்கி வந்தாரு."

அதிகாரி அதை அப்படியே நம்பிவிடவில்லை. அந்த வாரமே சந்தைக்கு இரண்டு முறை போய், இரண்டு விதமாக வந்த லாரிகளையும் நின்று பார்த்தார். திரும்பியதும் தொலைபேசியில் சென்னைக்கு டிரங்க் கால் போட்டார். தலைமை அலுவலகம் பட்டதாரிதான் வேண்டும் என்றது. கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் இருந்த எனக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது: "சார், நம்ம கேள்விக்குப் பதில் இவங்ககிட்டதான் இருக்கு." மூன்று மாதத் தற்காலிக நியமனத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். நான் படிப்பை முடிப்பதற்குள் அந்தப் பெண் பணி நிரந்தரம் பெற்று, மற்ற ஊர்களுக்கும் ஆய்வுக்குச் சென்றுகொண்டிருந்தார்.

அந்தத் தற்காலிக நியமனக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டபோது மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க. உள்ள போயி உள்ளதச் சொன்னீகல்ல, உங்க எடத்துல நான் இருந்தா அப்படிச் சொல்லத் தெம்பு வருமான்னு தெரியல" என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பாராட்டாகத் தோன்றவில்லை, கூச்சமாகவே இருந்தது. அன்று அவர் கடிதத்துக்குப் பதில் வரவில்லையென்று வீட்டிலேயே இருந்திருந்தால், என் தவறு ஒருவருக்கும் தெரியாமல், எனக்கே தெரியாமல் போயிருக்கும் என்ற எண்ணம்தான் இன்றும் என்னை நிம்மதியாக இருக்கவிடுவதில்லை.