சளிக்காரனுக்குத் தயிர்

தம்பி கொழும்பிலிருந்து வந்து இறங்கியபோது அவனுக்கு இருமல் இல்லை, காய்ச்சலும் இல்லை. கொரோனா என்று நாடே கதவை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் நின்றவர்கள் அந்த இரண்டைப் பற்றித்தான் கேட்டார்கள். இல்லை என்று அவன் உண்மையைத்தான் சொன்னான். வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வயிற்றால் போவதை எங்கள் லயத்து வீடுகளில் யாரும் ஒரு நோயாக மதிப்பதில்லை.

அவனுக்குப் புடவைக்கடையில் வேலை. கொரோனாவில் கடை மூடிய பிறகு ஹொட்டல் பார்சலில்தான் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். அதனால் காரணம் எல்லோர் கையிலும் தயாராக இருந்தது. "கொழும்புச் சோறு செமிக்கலடா, வேறொன்னுமில்ல" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி கொய்யாக் கொழுந்து அவித்த தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா எலுமிச்சங்காய் பிழிந்து கடுஞ்சாயத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவனுடைய அழுக்குத் துணிகளையும் அவரே பீலிக் குழாயில் விழுகிற தண்ணீரில் அலசினார். அம்மா இல்லாத வீடு. எங்களுக்கு எல்லாம் அவர்தான். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், நானும் கொய்யாக் கொழுந்தைத்தான் நம்பினேன்.

தம்பிக்கு வயிற்றால் போவது நின்றது. அப்பாவுக்கு இருமல் தொடங்கியது. பரிசோதித்துப் பார்த்ததில் இரண்டு பேருக்குமே கொரோனா என்றார்கள்.

ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது அப்பா இடுப்புச் சாரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. செய்தி போனில் வந்தது, எரித்ததும் அவர்களே. போன் வந்தபோது நான் பருப்பு கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு மிச்சத்தையும் கழுவினேன். கல்மனசுக்காரி என்று சிலர் சொன்னார்கள். கல்லுமில்லை, மண்ணுமில்லை. சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி இருந்தது. நாளாக ஆக உணர்ச்சி திரும்பிவிடும் என்று நினைத்தேன், திரும்பவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "அப்பன முழுங்கிட்டு வந்து நிக்கிறான் பாரு" என்று பீலியடியில் ஒருத்தி சொன்னது தம்பியின் காதிலும் விழுந்தது. யாரென்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவளோடு எனக்குப் பேச்சில்லை.

அவன் கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கந்தப்பளை மரக்கறித் தோட்டங்களில் லீக்ஸ் பயிருக்கு மண் அணைக்கிற வேலைக்குப் போனான். வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. இரண்டு வாய் தின்றதும் போதும் என்று எழுந்துவிடுவான். வயிறு ஏற்கவில்லையா, மனசு ஏற்கவில்லையா, எனக்குத் தெரியாது. ஒரு தடவைதான் வாயைத் திறந்தான். "நான் வரலன்னா அப்பா இருந்திருப்பாருக்கா."  

லயத்தில் யாருக்குச் சளி பிடித்தாலும் அடுத்தது அவனுக்குத்தான். மற்றவர்கள் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் அவனுக்கு நெஞ்சில் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் கிருமி கொல்கிற கனத்த மாத்திரை, ஒவ்வொரு முறையும் வயிறு முன்னைவிட மோசம். போன மழைக்காலத்தில் ஏதோ வைரஸ் காய்ச்சல் வந்து மூச்சுக்கு ஒட்சிசன் வைக்கிற அளவுக்குப் போய்விட்டது. வார்டில் பார்த்தபோது சட்டைக்குள் ஆளே இல்லை. இவனும் போய்விடுவான் என்று நினைத்தேன். பஸ் போய்விடும் என்று நினைப்பதுபோலத்தான் அதையும் நினைத்தேன். அப்படி நினைக்கிறேனே என்று கொஞ்சம் பயமாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு நுவரெலியாவில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் சின்ன வயது, சிங்களப் பிள்ளை. தம்பி தரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் என்னிடம் பேசினார். என் சிங்களம் ஒப்புக்குத்தான். அதைப் புரிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

குடலில் கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் குடியிருக்கின்றனவாம். நாம் தின்பதில் அவையும் தின்கின்றன. பதிலுக்கு உடம்பின் காவலுக்குச் சேதி அனுப்புகின்றன, அந்தச் சேதி நெஞ்சு வரைக்கும் போகிறதாம். வைரஸ் வந்தால் நுரையீரல் எப்படி எதிர்த்து நிற்கிறது என்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டாம். பெரிய காய்ச்சல் அவற்றைக் குலைக்கும், மாத்திரை இன்னும் அழிக்கும். மிச்சமிருப்பவற்றை உங்கள் தம்பி பட்டினி போடுகிறார் என்றார். இதில் தெரியாத விஷயம் இன்னும் நிறைய இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். எல்லாம் தெரிந்தவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அதனால் அது எனக்குப் பிடித்தது. கீரை, பருப்பு, வாழைப்பழம், தயிர் எல்லாம் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் அடுத்த காய்ச்சலை இந்த நெஞ்சு தாங்காது.

சளிக்காரனுக்குத் தயிரா? லயத்தில் கேள்விப்பட்டால் என்னை அடிக்க வருவார்கள். அதைச் சொன்னதும் டொக்டர் சிரித்துவிட்டார்.

சிரித்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு துணிவு வந்தது. கொரோனா நேரத்தில் இவனுக்கு வயிற்றுப்போக்கு மட்டும்தான் இருந்தது, அப்பாவுக்கு இவனிடமிருந்துதான் தொற்றியிருக்குமா என்று கேட்டேன். இல்லை என்று ஒரு டொக்டர் வாயிலிருந்து வந்தால் தம்பி சாப்பிடுவான் என்பது என் கணக்கு.  சிலருக்கு வயிற்றில்தான் தொடங்கும், இருமல் இல்லாவிட்டாலும் தொற்றும் என்றார் டொக்டர். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் ஒரே அறையில் இருந்திருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார்.

நான் தம்பியின் பக்கம் திரும்பினேன்.

"வயித்தால போறது ஒட்டாதாம்டா. அப்பாவுக்கு வேற எங்கயோ புடிச்சிருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. நீ நல்லா சாப்பிடணுமாம்."

குரல் தடுமாறாமல் வந்தது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு டொக்டரைப் பார்த்து, தயிரைச் சோற்றோடு சாப்பிடலாமா, தனியாகவா என்று கேட்டான். நல்ல சிங்களத்தில் கேட்டான்.

புடவைக்கடையில் ஏழெட்டு வருடம் சிங்களம் பேசிச் சீலை விற்றவன் அவன். அந்த அறையில் பேசிய ஒவ்வொரு சொல்லும் என்னைவிட அவனுக்குத்தான் நன்றாக விளங்கியிருக்கும். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவனை ஒன்றும் விளங்காதவன் என்று நான் எண்ணிவிட்டேன். டொக்டர் சோற்றோடே சாப்பிடலாம் என்றார்.

டவுனில் ஒரு சட்டித் தயிர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். சட்டி சரிந்துவிடாமல் அவன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"டாக்டரு சொன்னது எனக்கும் வெளங்குச்சுக்கா."

நான் திரும்பவில்லை.

"பரவால்ல. நீ சொன்னதயே நான் வச்சுக்கிறேன்."

எனக்கு அழுகை வந்தது. கந்தப்பளை வரும்வரை நிற்கவில்லை.