பூதக்கண்ணாடி விற்கவைத்த லென்ஸ்

தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு படத்தைக் காட்டினால் மற்றவர்கள் ஆளைப் பார்ப்பார்கள். அவர் இமைமயிரைப் பார்ப்பார். ஸ்டுடியோ அவருக்கும் மச்சானுக்கும் பொது. மச்சான் படம் எடுப்பார், இவர் அதைக் கணினியில் பக்குவப்படுத்துவார். மச்சானின் தங்கை, அதாவது இவர் மனைவி, முன்னறையில் வாடிக்கையாளர்களைச் சமாளிப்பார். மூன்றில் எது கஷ்டமான வேலை என்று மூவருக்கும் தெரியும்; இரண்டு பேர் ஒத்துக்கொள்வதில்லை.

கேமராவிலிருந்து வரும் ரா ஃபைல், அதாவது கைபடாத மூலப்படம், அரைவேக்காடுதான். நிறம் சோகை பிடித்திருக்கும், விளிம்புகள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும். அதை எழுப்புவதற்கு அவர் வகுத்திருந்த சட்டங்கள் கறாரானவை. படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்காமல் கூர்மையைத் தொடக்கூடாது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு திரையில் கூர்மைக்கான பட்டையை நகர்த்தினால் படம் கறுப்பு வெள்ளையாகும். வெள்ளையான இடத்தில் கூர்மை ஏறும், கறுப்பில் ஏறாது. கண், புருவம், முடி, புடவைக் கரை வெள்ளையாகட்டும். கன்னம் மட்டும் கறுப்பாகவே கிடக்க வேண்டும். "கன்னத்துல கூர்மை ஏத்துறவன் கசாப்புக் கடைக்குப் போகலாம்" என்பார். அந்த மேசைக்குப் பக்கத்தில் இரண்டாவது நாற்காலி போட அவர் யாரையும் விட்டதில்லை. பக்கத்தில் உட்காருகிறவன் அபிப்பிராயம் சொல்வான் என்பது அவர் அனுபவம்.

சில வருடங்களாக அவருக்கு ஒரு குறை. மச்சான் கொண்டுவரும் படங்களில் பழைய துல்லியம் இல்லை.

"மச்சான், லென்ஸ் சோந்து போச்சு."

"நேத்துகூட நல்லாத்தானே பிடிச்சுது மாப்ளே?"

"உங்களுக்கு நல்லாத்தான் தெரியும். நான்தானே உள்ள போய் பாக்குறேன்."

அந்த லென்ஸை மச்சான் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைப்பார். தங்கை கல்யாணத்தை அதில்தான் எடுத்தார். மாப்பிள்ளை குறை சொல்வதை விடவில்லை. ஒவ்வொரு படத்திலும் கூர்மையை ஒரு பிடி கூட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் பெருமூச்சு ஒன்றும் விட்டார். கடைசியில் ஒருநாள் மச்சான் லென்ஸை விற்றுவிட்டு, சம்பந்தி வீட்டுக்காரரைப் போல் விறைப்பாக இருந்த புதியது ஒன்றுடன் வந்தார். வாங்கிப் போனவர் வெளியூர்க்காரர். இருக்கும் இடமும் தெரியாது.

புதிய லென்ஸ் படமும் மங்கலாக இருந்தது. பூதக்கண்ணாடி மானிட்டரை மாற்றினார்.

அப்போதுதான் ஒரு அம்மாள் வந்தார். கணவருடன் சேர்ந்து எடுத்த படம். அவர் இறந்து போனதால் அவரை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருந்தார். படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவர் மூஞ்சில மணலை வாரிப் பூசிட்டீங்களேம்மா" என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை. அதுதான் பூதக்கண்ணாடியின் மனைவிக்குத் தாங்கவில்லை.

படத்தை உள்ளே கொண்டுபோய்த் தன் கணவர் முன் வைத்தார். ஒவ்வொரு மயிர்க்கண்ணும் பள்ளமாகியிருந்தது. தோளைச் சுற்றிக் கத்தரித்து ஒட்டியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் பூதக்கண்ணாடி.

"நல்லாவா இருக்கு? லென்ஸை மாத்தியாச்சு. மானிட்டரை மாத்தியாச்சு. இந்த ரூம்ல இன்னும் மாத்தாம இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

கண் மருத்துவர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்றார். "எவ்வளவு நாளா மங்கலாத் தெரியுது?"

"எனக்கு மங்கலாவே தெரியலையே டாக்டர். படம்தான் மங்கலா இருந்துச்சு."

முதலில் வலது கண்ணில் அறுவை சிகிச்சை. கட்டுப் பிரித்து, மருத்துவர் அனுமதித்த பிறகு, மேசைக்குப் போனார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, இறந்துபோன அந்தப் பெரியவரின் படத்தைத் திறந்து ஆல்ட் விசையை அழுத்தினார். கன்னம் முழுக்க வெள்ளை, கசாப்புக் கடை. பட்டையைப் பின்னுக்கு இழுத்தார். ரா ஃபைலின் பெருந்தன்மை அது: எத்தனை வருடம் கழித்து வந்தாலும் முதலில் இருந்தபடியே திரும்பக் கிடைக்கும். தோல் தோலாயிற்று. மறுநாள் படத்தை வாங்கிக்கொண்ட அந்த அம்மாள், "இப்பதான் என்னைப் பாக்குறார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அவர் பழைய படங்களைத் திறந்தார், விற்றுப்போன லென்ஸில் எடுத்தவற்றை. கூர்மை முழுவதையும் பூஜ்யமாக்கிவிட்டு நூறு சதவீதத்துக்குப் போனார். இமைமயிர்கள் தனித்தனியாக நின்றன. ஒன்றல்ல, திறந்த படமெல்லாம் அப்படித்தான். மச்சானை உள்ளே கூப்பிட்டார்.

"அந்த லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல மச்சான்."

மச்சான் திரையை நின்றபடியே பார்த்தார். "ம்."

"நீங்க ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருக்கலாம்."

"எப்படிப் பேசுறது? எனக்குப் படம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. நீங்க மங்கல்னீங்க. பூதக்கண்ணாடியே சொல்லுதே, தப்பு நம்ம கண்ணுலதான்னு போய் டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன்."

"யாரு, நீங்களா?"

"ஆமா. கண்ணு நல்லா இருக்குன்னுட்டாங்க. என் கண்ணும் சரி, உங்க கண்ணும் சரி. அப்போ லென்ஸ்தான்னு கொடுத்துட்டேன்."

பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வலது கண்ணில் நீர் கோத்தது. தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் அப்படியே விட்டார்.

"இன்னொரு கண்ணு எப்போ?" என்றார் மச்சான்.

"இது ஆறினதும்."

மச்சான் முன்னறைக்குப் போய், வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூதக்கண்ணாடி தன் நாற்காலியைச் சற்றே நகர்த்தி இடம் விட்டு, அடுத்த படத்தைத் திறந்து ஆல்ட் விசையை அழுத்தினார்.

"பாத்துச் சொல்லுங்க மச்சான். கன்னம் கறுப்பா இருக்கா?"